ஏத்துனாலும் நிக்கல

என் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. தப்பித்தவறி அவர் சொன்ன ஒரே பெரிய பொய்யைத் தன் லாரி பேட்டரியின் தலையில் போட்டார். அதை முழுசாக நம்பிய ஆள் நான்தான்.

எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டு முன்னால் அந்த லாரி நிற்கும். நரிக்குடிப் பக்கமிருந்து கரிமூட்டை ஏற்றிப்போகிற வண்டி. நான் மூணாப்பு படித்த அந்த வருஷம் அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். அம்மா படுத்துவிட்டாள். அடிக்கடி மதுரைக்குக் கூட்டிப்போவார்கள். திரும்பி வரும்போது புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும், உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். பிறகு மறுபடி வெளுத்துப்போவாள். உடம்பு அசதி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா போனில் பேசுவது காதில் விழும். "ஏத்துனா நாலு நாளைக்கு நிக்குது. அப்புறம் எறங்கிருது."

எங்கள் பேச்சில் எது, யார் என்று சொல்லாமலே முழுச் சங்கதியையும் பேசி முடித்துவிடலாம். ஒருநாள், "எதுப்பா எறங்குது?" என்று கேட்டுவிட்டேன். அப்பா திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் லாரி நின்றது.

"பேட்டரிம்மா. சார்ஜ் நிக்க மாட்டேங்குது."

அன்றிலிருந்து எனக்குப் பேட்டரிக் கவலை பிடித்துக்கொண்டது. அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போனாலும் சரி, லாரிக்கடியில் போய்த் தனியாக உட்கார்ந்தாலும் சரி, காரணம் அந்தப் பாழாய்ப்போன பேட்டரிதான்.

அருப்புக்கோட்டையில் பேட்டரிக் கடையில் வேலை பார்த்த தாய்மாமா, அம்மாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலிலேயே மறித்தேன். "மாமா, மொதல்ல எங்க பேட்டரியப் பாருங்க. ஏத்துனாலும் நிக்க மாட்டேங்குதாம். அப்பா அழுறாக."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "பாத்துரு மாப்ள, பிள்ளைக்காக" என்றார்.

மாமா பைக்கிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துவந்தார். அதன் தலையில் ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. பேட்டரி மூடிகளைத் திருகிக் கழற்றி, ஒவ்வொரு செல்லிலும் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சினார். மிதவை மேலே நின்றால் சார்ஜ் இருக்கிறது, அடியில் படுத்தால் இல்லை என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எல்லாச் செல்லிலும் மிதவை ஜம்மென்று நின்றது. பிறகு முன்விளக்கைப் போட்டுவிட்டு அப்பா சாவியைத் திருகினார். மங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. விளக்கு மங்கவில்லை. முதல் திருகிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

நான் குதித்துக்கொண்டு சுற்றி வருவதற்குள் வண்டியை அணைத்துவிட்டிருந்தார்கள். லாரிக்கு மறுபக்கம் அப்பாவின் குரல் கேட்டது. "நேத்து பெரிய டாக்டரு சொல்லிட்டாரு மாப்ள. இனிமே ஏத்திப் பிரயோசனமில்லையாம்." அப்பா டயரில் முகத்தை வைத்து அழுதார். மாமா சமாதானம் சொல்வார் என்று பார்த்தால், அவரும் சேர்ந்து அழுதார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதுதானே கண்ணால் பார்த்தோம்? நேராக அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நானே பாத்தேன். ஆனா இனிமே ஏத்திப் பிரயோசனமில்லைன்னு டாக்டரு சொல்லிட்டாராம், அப்பாவும் மாமாவும் அழுறாக. பேட்டரிக்கு எதுக்கும்மா டாக்டரு?"

அம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ எங்கிட்டச் சொன்னத அப்பாட்டச் சொல்லிராத. பாவம், அவுக." பிறகு, "சீப்ப எடுத்துட்டு வா" என்றாள்.

பின்னிவிடப் போகிறாள் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் என் முடியை மூன்றாகப் பிரித்து என் கையிலேயே கொடுத்தாள். "இனிமே நீயே பின்னிப் பழகு."

பேட்டரி நன்றாயிருக்கிற சந்தோஷமான நாளில்கூட இந்த அம்மாவுக்கு என்ன சோம்பேறித்தனம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. முணுமுணுத்துக்கொண்டே கோணல்மாணலாகப் பின்னி முடித்தேன்.

அம்மா அதை அவிழ்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.