எஞ்சின் சூடாகணும்

பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் லோரி ஓட்டிவரும் என் மனைவியின் அண்ணனுக்கு, ஈப்போ வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அன்றும் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கணித மென்பொருளில் ஒரு பெரிய கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். விடை வருவதற்குள் என் காப்பி ஆறிவிட்டது. சந்தேகத்துக்கு அதே கணக்கை மறுபடி கொடுத்தேன். விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது.

“எஞ்சின் சூடாயிருச்சு மச்சான். என் லோரியும் காலையில இப்படித்தான்லா,” என்றார்.

கணக்கு வாத்தியாரான என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசலாமா? எனக்குப் பொறுக்கவில்லை.

“சூடெல்லாம் இல்ல மச்சான். முதல்ல போட்ட விடைய அது ஞாபகம் வெச்சிருக்கு. அதே கேள்வி வந்தா, திரும்பக் கணக்குப் போடாம அதையே எடுத்து நீட்டிடும்.”

அவர் நம்பவில்லை. நிரூபிப்பதற்காக ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தேன். மென்பொருள் மறுபடி முக்க ஆரம்பித்தது.

“வேற ரோடு, மேடு இருக்கும்,” என்றார்.

மூடினால் அதன் ஞாபகம் அழிந்துவிடும் என்று காட்ட, மென்பொருளை மூடித் திறந்து, பழைய கணக்கையே கொடுத்தேன். அதுவும் நிதானமாகத்தான் வந்தது.

“ஆஃப் பண்ணா எஞ்சின் ஆறாதா?”

நான் எதைச் செய்துகாட்டினாலும் அவர் கட்சிதான் ஜெயித்தது. அந்த எரிச்சலில் இருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவி தினமும் கேட்பதையே கேட்டாள்: “அந்த ஒழுகுற பைப்ப எப்பங்க சரி பண்ணுவீங்க?”

“நாளைக்கு,” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மச்சான் சட்டென்று நிமிர்ந்தார்.

“இப்பப் புரிஞ்சிருச்சு மச்சான்! கேட்ட உடனே பதில் வருது, உள்ள ஒண்ணுமே ஓடல.”