கோச்சிங்கில் சேராமல் விட்ட திங்கட்கிழமை

நீட்டில் முதல் முறை கோட்டைவிட்டதும் எனக்குத் தெரிந்த ஒரே வழி, சென்னையில் ஹாஸ்டலோடு ஓராண்டுக் கோச்சிங். ஃபீஸ் அக்காவுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் மூன்று வருடம் வேலை பார்த்து, தான் எம்.எஸ்ஸி. படிக்கச் சேர்த்து வைத்திருந்தாள். "நீ போ, நான் அடுத்த வருசம் பாத்துக்கறேன்" என்றாள். வெட்கமேயில்லாமல் சரி என்றேன்.

கவரைப்பேட்டையில் ரயிலேறி அங்கே மூன்று நாள் இலவச வகுப்புக்குப் போனேன். ஆசிரியர்கள் பிரமாதம், அதில் பொய்யில்லை. ஆனால் அவர்கள் கேள்வியை போர்டில் எழுதி முடிப்பதற்குள் பாதிக் கேள்விகளுக்கு மேல் நான் விடை சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் டெஸ்டையும் எல்லோருக்கும் முன்னால் முடித்து ஜம்பமாக எழுந்தேன். மார்க் வந்ததும் முகம் தொங்கிவிட்டது.

"ஒரு வருஷம் எங்ககிட்ட விடுங்க. திங்கட்கிழமை அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார் ஆபீசில் இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்த வினாத்தாளைக் கேட்டு வாங்கினாள். தப்பு ஒவ்வொன்றையும் காட்டி, "இது தெரியாதா, தெரிஞ்சும் தப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியாததற்குச் சிவப்பு வட்டம், தெரிந்ததற்குப் பச்சை. 'தவறான கூற்று எது' என்ற இடத்தில் சரியானதைக் குறித்திருந்தேன். பச்சை. கணக்கைச் சரியாகப் போட்டு, பக்கத்து வட்டத்தை நிரப்பியிருந்தேன். அதுவும் பச்சை. சிவப்பில் பாதி, குருட்டாம்போக்கில் நிரப்பியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கழிந்திருந்தது.

"இன்னாடி இது? தெரியலன்னா வுட்டுட்டு வர வேண்டியதுதான?"

"காலியா இருந்தா ஒரு மாதிரி கீதுக்கா."

"எங்க லேபுல எடுக்காத ரீடிங்க எவனாச்சும் குத்துமதிப்பா எழுதினா, அன்னியோட அவன் கதை கந்தல். கோடு போட்டுட்டுப் போய்க்கினே இருக்கணும். நீயெல்லாம் ஒரு நாள் தாங்க மாட்ட."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "ஏம்மா, இவ அவசரப் புத்திக்கு அந்த ஹாஸ்டல்ல மருந்து குடுக்கறாங்களா?"

"நைனா, நீ வேற பேஜாரு பண்ணாத!" என்றேன்.

எண்ணிப் பார்த்தோம். பச்சைதான் அதிகம். பாடம் புரியாதவர்களுக்கு அந்த வகுப்பு நிச்சயம் உதவும். என் கோளாறு வேறு. திங்கட்கிழமை நான் போகவில்லை. வாராவாரம் நடக்கும் டெஸ்டுகளுக்கு மட்டும் கட்டினேன். சிவப்பு வட்டங்களை எடுத்துக்கொண்டு பள்ளி இயற்பியல் டீச்சரிடம் போனேன். அக்கா எம்.எஸ்ஸி. சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. இந்த முறையும் கிடைக்காவிட்டால், அவள் படிப்பை நிறுத்திவிட்டு மறுபடி எனக்குக் கொடுப்பாள்; அவள் அப்படித்தான். இரண்டாம் முறை பதினோரு கேள்விகளைத் தொடாமல் விட்டு வந்தேன். கை துறுதுறுத்த துறுதுறுப்பு எனக்குத்தான் தெரியும்.

கவுன்சலிங் பட்டியல் வந்த காலையில் அக்காவுக்கு போன் போட்டேன். கிசுகிசுப்பாக எடுத்தாள்.

"கிளாஸ்ல கீறேன்டி. சீட் கெட்ச்சுதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"கெட்ச்சுதுக்கா. கவர்மென்ட் காலேஜ்."

"சரி வை, நோட்ஸ் போய்க்கினு கீது" என்று கட் செய்தாள். எனக்கு அப்போதுதான் பசித்தது.