முதல் வகுப்பு மரேட்டா

மரேட்டா தன் நாற்பத்தெட்டாவது வயதில், தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தாள். விழுந்தது நல்லதாகப் போயிற்று என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு மாத்திரை. வெள்ளை மாத்திரை கடுமையானது, காலையில் ஒன்றே ஒன்று. மஞ்சள் மாத்திரை மூன்று வேளை. ஐந்து வருடமாக நிறத்தை வைத்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை வேறு கம்பெனி மாத்திரை வந்திருந்தது. அதில் கடுமையானது மஞ்சள், மற்றது வெள்ளை. பெயரும் வேளையும் உறையின் மேல் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. மரேட்டா மஞ்சளை மூன்று வேளை விழுங்கினாள். மறுநாள் துருவல் பலகையிலேயே சாய்ந்தாள்.

"உறை மேல எழுதித்தானே குடுத்தோம்? படிக்கலையா நீங்க?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு மரேட்டாவிடம் எப்போதும் பதில் தயார். கண்ணாடி உடைந்துவிட்டது, வெளிச்சம் போதவில்லை, கை ஈரம், இப்படி ஒரு பட்டியலே உண்டு. ஆனால் அன்று கையில் ஊசி ஏறியிருந்தது, நாக்கு வறண்டிருந்தது, பொய் சொல்லவும் தெம்பில்லை.

"படிக்கத் தெரியாதும்மா."

"என்ன சொல்றீங்க?"

"எழுத்தே தெரியாது. இன்னும் சத்தமா சொல்லணுமா?"

சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் பார்வையாளர்களாக வந்திருந்தவர்கள் அவள் ஊர்க்காரர்கள். சவாயீ தீவின் தெற்குக் கரைக்கு மாலை பஸ் போய்ச் சேருவதற்குள் விஷயமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் சாமோவா ஊர்களில் ஐந்து வயதானால் பிள்ளைகள் சாயங்காலம் போதகர் வீட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். சுவரில் எழுத்து அட்டை தொங்கும். அ என்றால் கூடை, எ என்றால் யானை என்று மொத்த வகுப்பும் கத்தும்; எங்கள் மொழியில் அந்தச் சொற்கள் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். இந்தத் தீவில் யாரும் யானையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் அதை எழுதத் தெரியாதவர் கிடையாது. மரேட்டாவுக்கு அந்த வயதில் வேறு வேலை இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் உறவுக்காரிக்குத் துணையாக அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வகுப்பு நடக்கிற நேரமும், கிழவியைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற நேரமும் ஒன்றாக இருந்தன. கிழவி போய்ச் சேர்ந்தபோது மரேட்டாவுக்குப் பதினாறு வயது. அந்த வயதில் போய், எனக்கு எழுத்துத் தெரியாது என்று யார் சொல்வார்கள்?

அதனால் ஏமாற்றினாள். கெட்டிக்காரத்தனமாகவே ஏமாற்றினாள். சாயங்காலப் பிரார்த்தனையில் குடும்பம் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வசனமாக வேதப் புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டும். எந்த வசனம் தன் பங்கில் விழும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மரேட்டா அன்றைய அதிகாரத்தை மத்தியானமே தன் மகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுவாள். "உன் உச்சரிப்பைச் சரிபார்க்கிறேன்டி" என்பாள். முழு அதிகாரத்தையும் இரண்டே தடவை கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வாள். எந்த வசனம் விழுந்தாலும், புத்தகத்தைப் பார்த்தபடி பிசகாமல் சொல்வாள். அந்த மூளைக்கு எழுத்தும் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும்! நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் கணவன் பேனி தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ படிக்கிறதில்லன்னு. பொண்ணு ஆக்லாந்துக்குப் போனப்புறம், உனக்கு மனப்பாடமான அதிகாரமா பார்த்துத்தான் நான் எடுத்துக்கிட்டிருந்தேன்."

மரேட்டாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஆறு வருஷம்! தெரிஞ்சும் வாயத் திறக்கல. ஒரு நாள் உக்காத்தி வச்சு ஒரு எழுத்து சொல்லிக் குடுத்திருக்கலாமில்ல?"

"உன் மானத்தக் காப்பாத்தினேன்."

"என் மானத்தயா? குடும்பத் தலைவர் பட்டம் கட்டிக்கிட்டவரே, அது உங்க மானம்."

அடுத்த திங்கட்கிழமை நான்கு மணிக்கு மரேட்டா தலைக்கு எண்ணெய் தடவி, காதில் ஒரு செம்பருத்தியைச் செருகி, நோட்டும் பென்சிலுமாகப் போதகர் வீட்டுக்கு நடந்தாள். போதகரின் மனைவி எலெனோவா முப்பது வயதுக்காரி, வகுப்பை நடத்துபவள். வாசலில் நின்ற மரேட்டாவைப் பார்த்துப் பதறி எழுந்தாள்.

"அக்கா, நீங்க ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் வாங்களேன். தனியா, யாருக்கும் தெரியாம சொல்லித் தர்றேன்."

"நாற்பது வருஷமா யாருக்கும் தெரியாமத்தாம்மா இருந்தேன். இனிமே தெரிஞ்சே இருந்துட்டுப் போறேன். முதல் வகுப்பு எந்தப் பாய்?"

ஐந்து வயதுக்காரர்கள் ஏழு பேர் இருந்த பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. இடம் நெருக்கமாகிவிட்டதே என்றுதான் முணுமுணுத்தார்கள்.

சிரித்தவள் லோயிமாட்டா. பேனியின் அக்கா, மரேட்டாவின் நாத்தனார், ஞாயிறு பள்ளிக்கும் தலைவி. எங்கள் பக்கத்தில் வாழ வந்த மருமகளுக்கு அடுப்படிதான். வீட்டில் பிறந்த சகோதரி வாயைத் திறந்தால் தலைவரே எழுந்து நிற்பார். இருபத்தாறு வருடமாக, லோயிமாட்டா சாப்பிட உட்கார்ந்தால் மரேட்டா பக்கத்தில் அமர்ந்து ஓலை விசிறியால் ஈ விரட்டியிருக்கிறாள். அவள் எழுந்து கை கழுவிய பிறகுதான் மரேட்டாவுக்குச் சோறு.

"என் தம்பி ஊர்ச் சபையில உக்கார்ற ஆளு. அவன் பொண்டாட்டி பொடுசுங்களோட உக்காந்து கூடை, யானைன்னு கத்துறா. நாங்க வெளிய தலை காட்டவா வேண்டாமா?" என்றாள் லோயிமாட்டா.

"காட்டுங்கக்கா. நல்ல தலைதானே."

"வாய் நீண்டுபோச்சு உனக்கு."

"மயக்கத்துல விழுந்தேன்ல, அப்போ நீண்டிருக்கும்."

மார்ச்சில் ஆரம்பித்தாள். ஜூனில் எழுத்துகள் பிடிபட்டன. லோயிமாட்டா எடுத்து வளர்க்கும் பெண் திரேசாவும் அதே பாயில்தான். "அத்தை, அந்த வால் கீழ போகணும், மேல போகக்கூடாது" என்று தலையிலடித்துக்கொள்வாள். ஆகஸ்டில் ஒரு நாள் மரேட்டா சமையலறை அலமாரியில் இருந்த மாவுப் பை, சோப்பு உறை, மீன் டப்பா எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். மீன் டப்பாவில் என்ன எழுதியிருக்கும் என்று இத்தனை வருடம் ஏதேதோ கற்பனை செய்திருந்தாள். மீன் என்றுதான் எழுதியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது.

அக்டோபரில் வெள்ளை ஞாயிறு வந்தது. அது பிள்ளைகளின் நாள். வெள்ளை உடுத்தி, வகுப்பு வகுப்பாக வேதக்கோவிலில் எல்லோர் முன்னாலும் நின்று, மனப்பாடம் செய்த வசனங்களை ஒப்பிப்பார்கள். வருடம் முழுக்கப் பெரியவர்களுக்குப் பரிமாறும் பிள்ளைகள் அன்று ஒரு நாள் முதல் பந்தியில் உட்காருவார்கள், பெரியவர்கள் பரிமாறுவார்கள். மரேட்டா பிள்ளையாக இருந்தபோது ஒரு வெள்ளை ஞாயிறும் அவளுக்கு வாய்த்ததில்லை. இந்த முறை முதல் வகுப்பு நிற்கும்போது தானும் நிற்பது என்று முடிவு செய்து, வெள்ளைத் துணி வாங்கித் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

செய்தி கேட்டு லோயிமாட்டா வீட்டுக்கே வந்தாள். பேனியும் அப்போது இருந்தான்.

"நிகழ்ச்சியில உன் பேர் கிடையாது. பிள்ளைங்க நாள்ல பிள்ளைங்கதான் நிக்கணும். நீ அடுப்பப் பாரு."

"நான் முதல் வகுப்புல படிக்கிறேன். வகுப்பு நின்னா நானும் நிப்பேன்."

"நின்னு என்ன பண்ணப்போற? மனப்பாடம் பண்ணி ஒப்பிப்ப. அது உனக்குப் புதுசா? இருபத்தாறு வருஷம் ஆண்டவர் முன்னாடி அதைத்தானே பண்ணின! படிச்சியா, மறுபடி ஏமாத்துறியான்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

குத்தல் சரியான இடத்தில் பட்டிருந்தது. உண்மைதானே? அவள் கரைத்துக் குடித்த எந்த வசனத்தைச் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. பேனி தரையைப் பார்த்தபடி, "அக்கா சொல்றதும் நியாயம்தான். இந்த ஒரு தடவ விட்டுடேன்" என்றான்.

"விட மாட்டேன்," என்றாள் மரேட்டா.

வெள்ளை ஞாயிறன்று விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்புக் கற்களைத் தீயில் காய வைத்து, சேப்பங்கிழங்கும் பன்றியும், தேங்காய்ப்பால் கட்டி இலையோடு தின்கிற சேப்பிலைப் பொட்டலங்களும் கற்களுக்கிடையே அடுக்கி மூடினாள். அடுப்படி வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அடுப்பைக் கவனிக்கவில்லை என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள். பிறகு குளித்து, வெள்ளை உடுத்தி, மாத்திரை உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள்.

லோயிமாட்டா மைக்கில் முதல் வகுப்பைக் கூப்பிட்டாள். ஏழு பெயர்கள். ஏழு பிள்ளைகளும் போய் நின்றார்கள். மரேட்டா எட்டாவதாக எழுந்து நடந்தாள். பெஞ்சுகளில் தொப்பிகள் திரும்பின. யாரோ இருமினார்கள், யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் விசிறியால் வாயை மூடிக்கொண்டார்கள். திரேசா தள்ளி நின்று, "அத்தை, இங்க வாங்க, நான் உங்களுக்கு முன்னாடி" என்று அவளை வரிசையில் சேர்த்துக்கொண்டாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒப்பித்தார்கள். ஒருத்தன் பாதியில் மறந்து அழுதான், எல்லோரும் கைதட்டி அனுப்பினார்கள். மரேட்டாவின் முறை வந்தபோது லோயிமாட்டா மைக்கைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள். மரேட்டா வேதப் புத்தகத்தை மூடியபடியே அவளிடம் நீட்டினாள்.

"நீங்களே ஒரு பக்கம் திறந்து குடுங்கக்கா. எந்தப் பக்கமானாலும் சரி. நான் ஒப்பிக்க வரல, வாசிக்க வந்திருக்கேன்."

கோவிலில் விசிறிகள் நின்றன. லோயிமாட்டா போதகரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவளும் சளைத்தவள் இல்லை. புத்தகத்தைப் புரட்டி, தேடிப் பிடித்து, யார் யாரைப் பெற்றார்கள் என்று வெறும் பெயர்களாக நிறைந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களே தாண்டிப் போகிற பக்கம் அது. அதோடு, எங்கள் ஊரில் வம்சவரிசை விளையாட்டு விஷயமில்லை. ஒரு மூதாதையின் பெயரைச் சபையில் தப்பாகச் சொன்னவன் உதை வாங்காமல் வீடு திரும்பியதில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மரேட்டா விரலை முதல் எழுத்தின் கீழே வைத்தாள். முதல் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். இரண்டாவது பெயரும் வந்தது. மூன்றாவதில் தடுக்கி, தப்பாகச் சொல்லி, நிறுத்தி, விரலைப் பின்னால் இழுத்து மறுபடி சொன்னாள். திரேசா தாங்க முடியாமல் அடுத்த பெயரைக் கிசுகிசுத்தாள்.

"நீ சும்மா இரு. நானே சொல்றேன்."

ஒரு வசனத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. வியர்வை முதுகில் ஓடியது. நான்கு வசனம் முடிந்ததும் லோயிமாட்டா மைக்கில், "போதும், நன்றி" என்றாள்.

"பக்கம் இன்னும் முடியல" என்றாள் மரேட்டா, தலை நிமிராமல்.

முடிகிற வரை வாசித்தாள். தகப்பன், மகன், மகனுடைய மகன், ஒருவரையும் விடவில்லை. கடைசிப் பெயரைச் சொல்லிப் புத்தகத்தை மூடியபோது கைதட்டல் இல்லை. இரண்டாவது பெஞ்சிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. பேனி அழுதுகொண்டிருந்தான், மறைக்கவும் இல்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள் மரேட்டா.

மத்தியானம் குடும்ப வீட்டில் நீளமாகப் பாய் விரித்து, வெள்ளை உடுப்புப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். பேனி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தட்டுகளையும் சூடான கோகோ பானத்தையும் தூக்கி வந்தான். மரேட்டா அடுப்படிக்குப் போகவில்லை. திரேசாவுக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டாள்.

லோயிமாட்டா தட்டும் கையுமாக நின்றுவிட்டாள். "இது பிள்ளைங்க பந்தி, மரேட்டா."

"முதல் வகுப்புக்கா நான். நீங்கதானே பக்கத்த எடுத்துக் குடுத்தீங்க?"

பேனி ஏதோ சொல்ல வாய் திறந்தான். மரேட்டா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். பாயில் பிள்ளைகள் பசியோடு காத்திருந்தார்கள். வெள்ளை ஞாயிறன்று பந்தியில் உட்கார்ந்துவிட்டவரை எழுப்பும் வழக்கம் இந்தத் தீவில் கிடையாது. அது லோயிமாட்டாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவள் குனிந்து, தட்டை மரேட்டாவின் முன்னால் வைத்தாள்.

"கோகோவுல சர்க்கரை போடாதீங்க," என்றாள் மரேட்டா. கைப்பையிலிருந்து மாத்திரை உறையை எடுத்து, விரல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "ஒன்று. சாப்பாட்டுக்குப் பின்." பிறகு நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஈக்கள் வந்தன. லோயிமாட்டா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியை எடுத்து, பிள்ளைகள் இருந்த பக்கமாக மட்டும் வீசத் தொடங்கினாள்.

"இந்தப் பக்கமும் கொஞ்சம் வீசுங்கக்கா," என்றாள் மரேட்டா, வாய் நிறைய இலைப் பொட்டலத்தோடு.

விசிறி அந்தப் பக்கமும் வந்தது.