ஏழாம் கட்டத்தில் நான் எழுதியது

எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த நடராஜா நல்ல மனிதர். இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதிதான். ஆனால் அவரைப் பற்றிச் சொல்வதென்றால் என் மானக்கேட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் நான், மக்கீன், பல்கலைக்கழக அலுவலகத்தில் கிளாக்கர். வீடு மாத்தளை டவுனில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவேன். இங்கிலீஷில் போர்ம் நிரப்ப ஊரில் என்னைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடராஜா வந்தார். மகள் சந்திரகாந்தாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அவரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஏழாம் கட்டம், எந்த நாட்டுப் பிரஜை என்பது. அதை மட்டும் கேட்கவில்லை. தோட்டத்து ஆட்கள் என்றால் இந்தியாக்காரர்கள். எங்கள் டவுனில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். 'இந்தியர்' என்று அழகாக எழுதி, மை காய ஊதியும் விட்டேன். அந்த மனிதரோ பல வருடங்களுக்கு முன்பே மனுப் போட்டு, அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து, மகளின் பெயரையும் சேர்த்து இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்தவர்.

சந்திரகாந்தாவுக்கு நூலகத்தில் மாலை வேலை கிடைத்தது. புத்தகங்களுக்கு லேபல் ஒட்டுவாள், அடுக்குவாள். அந்தச் சம்பளம் இருந்ததால்தான் அவளால் விடுதியில் தங்கிப் படிக்க முடிந்தது. மறு வருடம் ஒரு சுற்றுநிருபம் வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் அனுமதிக் கடிதமில்லாமல் வளாகத்துக்குள் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. அனுமதி வேண்டுமென்றால் தங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பட்டியல் போட்டவன் நான்தான். மலாயாக்காரர் இருவர், பர்மாக்காரர் ஒருவர், எல்கடுவ சந்திரகாந்தா.

அவள் என் மேசைக்கு வந்தாள். "சார், நாங்க சிலோன் பிரஜைங்க. அப்பாகிட்ட பத்திரம் இருக்கு."

கோப்பைத் திறந்தேன். ஏழாம் கட்டத்தில் என் எழுத்து. கேட்காமல் எழுதியது அந்த நிமிடமே நினைவுக்கு வந்தது. பக்கத்து மேசையில் பெரிய கிளாக்கர் இருந்தார். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம்.

"போர்ம்ல ஒழுங்கா எழுதியிருக்கணும். இப்ப வந்து சொன்னா நான் என்ன செய்ய? விதி விதிதான்" என்றேன்.

அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்று போய்விட்டாள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சோறு இறங்கவில்லை என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பல மாதம் கழித்து என் மனைவி ஸுலைஹாவிடம் வாய் தவறி உளறிவிட்டேன். அவள் விடவில்லை. "அந்தப் புள்ளயிட படிப்ப நிப்பாட்டிட்டு நீங்க இங்க தேத்தண்ணி குடிக்கிறீங்களா? போய்ச் சொல்லிட்டு வாங்க!"

நின்றவர்கள் ஒரு வருடத்துக்குள் திரும்பச் சேரலாம் என்று விதி இருந்தது. அந்தக் கெடு முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, எழுபது ஜூனில், எல்கடுவ பஸ் ஏறினேன்.

நடராஜா லயத்தில், தன் வீட்டில் இருந்தார். சந்திரகாந்தா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "பிழை என்னோடது. பத்திரத்தைத் தாங்க, நானே திருத்துறேன். புள்ள திரும்பப் படிக்கலாம்."

அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவ அன்னைக்கே சொன்னாளுங்க ஐயா, அது உங்க எழுத்துன்னு. நான்தான் அவள ஏசினேன். படிச்சவங்க பிழையா எழுதுவாங்களா, கவுருமெண்டுதான் நம்ம பத்திரத்த ரத்து பண்ணியிருக்கும்னு சொல்லிட்டேன்."

உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அதை வைத்துத்தான் சந்திரகாந்தா மறுபடி சேர்ந்தாள், நூலக வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அன்று நான் படியிறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"ஐயா, அப்ப போன மாசம் எலக்சனுக்கு வந்த கார்டு எனக்கு வந்ததுதானுங்களா? களவு ஓட்டுன்னு புடிச்சிருவாங்கன்னு பயந்து, அடுப்புல போட்டுட்டேங்க."