பாண்டிமீனா கேட்ட கணினி

"பாய், கேம் ஆடுற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும்."

"பையன் என்னம்மா படிக்கிறான்?" என்று கேட்டார் என் அத்தா.

"பையனெல்லாம் இல்ல. எனக்குத்தான்."

கோரிப்பாளையத்தில் எங்களுக்குக் கணினி உதிரிபாகக் கடை இருக்கிறது. அத்தா பெயர் நூருல் அமீன். நான் அங்கே பில் போடுகிறவள். விளையாட்டுக் கணினி கேட்டுக் கல்லூரிப் பையன்கள் வருவார்கள், பையனை இழுத்துக்கொண்டு அப்பாக்கள் வருவார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் தனக்காகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பில்லை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினேன்.

"என்ன கேம் ஆடுவ?" என்றார் அத்தா.

"அறுப்பு மிஷின் ஓட்டுற கேமு. டிராக்டரு, கருது, வயலு எல்லாம் வரும். யூடியூப்ல ஒருத்தன் ஸ்டியரிங் வச்சு ஓட்டுறான். நான் போன்ல ஆடிப் பாத்தேன். விரலால தேச்சா என்ன பழக்கம் வரும்? கையும் காலும் படிய வேணாமா?"

"ஏம்மா, நெசமாவே மிஷின் ஓட்டப் போறியா?"

"தை அறுப்புக்கு. எங்க ஊரு சின்னச்சாமி அண்ணன் மிஷின் வச்சிருக்காரு. ஒரு வயலு தாரேன், ஓட்டிக் காட்டுன்னு சொல்லியிருக்காரு. நேரா அறுத்து, நெல்லச் சிந்தாம டிரைலர்ல கொட்டிட்டா டிரைவர் சீட்டு எனக்கு. இல்லேன்னா எப்பவும் போல ஆத்தூர்லருந்து வர்ற டிரைவருக்கு."

அத்தா ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

அவர் பெயர் பாண்டிமீனா. ஊர் திருவாதவூர். அவருடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தே காலம் கழித்தவர்கள். இவரும் பத்தாவது முடித்த கையோடு அரிவாள் பிடித்தார். அறுப்பு இயந்திரம் ஊருக்குள் வந்தபோது முதலில் வேலை போனது பெண்களுக்கு. நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் அவர்கள் பிரிந்து போனார்கள். பாண்டிமீனா போகவில்லை. தம்பியின் டிராக்டரை ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்தார். "எங்க கூலிய அள்ளிக்கிட்டுப் போனது அந்த மிஷினு. இனி அது மேல ஏறி உக்காந்தாத்தான் எனக்குக் கூலி" என்று அன்றைக்குக் கடையில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து எப்போது வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

சின்னச்சாமியின் இயந்திரம் சீசன் முழுக்க ஓடும், சீசன் முடிந்தால் பூட்டிக் கிடக்கும். அதில் ஏறிப் பழக யாரும் விடமாட்டார்கள். அதனால்தான் கணினி.

அத்தா கண்ணாடி மேஜையில் செய்தித்தாளை விரித்துச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஐம்பதாயிரத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று பாண்டிமீனா முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கும் பெடலும் அதற்குள்ளேயே.

"இது புராசஸர். யோசிக்கிறது இது. இது கிராபிக்ஸ் கார்டு. திரையில வயல வரையுறது இதுதான். புதுசு உனக்குக் கட்டுப்படியாகாது, பழசு தாரேன்."

பாண்டிமீனா கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விசிறியை விரலால் சுற்றிவிட்டார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"மாடு வாங்குறப்ப சுழி பாக்குற மாதிரியில்ல பாக்குற!" என்று சிரித்தார் அத்தா.

"யாரு வச்சிருந்தது?"

"சமயநல்லூர்ப் பையன் ஒருத்தன்."

"எதுக்குக் குடுத்தான்? உதைக்குதா?"

"அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சும்மா."

"அப்பச் சரி. நல்ல சாமானாத்தான் இருக்கும்."

கலர் விளக்கு எரியும் பெட்டியைக் காட்டினேன். "கல்யாண வீட்டு வாசல்லயா வைக்கப் போறேன்? தூசி போகாத பெட்டியா எடுங்க தங்கச்சி" என்றார். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பவர் சப்ளையில் மலிவானதைக் கேட்டார். அத்தா மறுத்துவிட்டார். "உங்க ஊர்ல கரண்ட் ஏறி எறங்கும். இதுல மிச்சம் பிடிச்சா மொத்தமும் கருகிரும்." அதில் அத்தா ஜெயித்தார். கடைசியில் கணக்கு இடித்தது. நல்ல கார்டு வைத்தால் ஸ்டியரிங் கிடையாது. ஸ்டியரிங் வேண்டுமானால் அதைவிடச் சின்ன கார்டுதான்.

"ஏம்மா, சின்ன கார்டுல படம் திக்கும். கார்டுதான் முக்கியம், ஸ்டியரிங்க அப்புறம் வாங்கிக்க" என்றார் அத்தா.

"கண்ணுக்கா பழக்கம் வேணும்? கைக்குத்தானே. வயலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் பாய். அதைப் படத்துலயா பாக்கணும்?"

அதில் அவர் ஜெயித்தார்.

கணினி போன சில நாள்களில் போன் வந்தது. படம் நின்று நின்று ஓடுகிறது என்றார். செட்டிங்கில் தேவையில்லாததைக் குறைத்துக்கொள்ளும்படி அத்தா வழி சொன்னார். நிழல், புல், தூரத்து மரம் என்று ஒவ்வொன்றாக அவரே குறைத்துக்கொண்டார். "இப்ப வழுக்கிக்கிட்டு ஓடுது பாய்" என்று மறுநாள் சொன்னார். நாங்களும் அதோடு மறந்துவிட்டோம்.

தை பிறந்ததும் கடைக்கே வந்து எங்களைக் கூப்பிட்டார். "நீங்க கோத்துக் குடுத்த மிஷினு என்ன சொல்லிக் குடுத்துச்சுன்னு வந்து பாருங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தாவின் வண்டியில் போனோம். வரப்பு முழுக்க ஆட்கள். டிரைலரை இழுக்கும் டிராக்டரில் இருந்த விருமாண்டி, "ஏய், எல்லாம் தள்ளி நில்லுங்கடா! கேமுன்னு நெனச்சு நம்ம மேல ஏத்திரப் போகுது. நமக்கு ஒரு உசுருதான்!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. "ஒனக்கு அதுவும் அரை உசுருதான்டா மாப்ள!" என்று பாண்டிமீனா கேபினுக்குள்ளிருந்து சத்தம் கொடுத்தார்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. வண்டி வரப்பை ஒட்டி நூல் பிடித்தது போலப் போனது. மூலையில் தயங்காமல் திரும்பியது. ஓரத்தில் நின்ற மின்கம்பத்தை, ஒரு நெல்தாள்கூட மிச்சம் வைக்காமல் சுற்றி அறுத்துக்கொண்டு வந்தது. சின்னச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்புட்டும் நேரா இருக்கேடா" என்றார். நான் அதுவரை ஒரு விளையாட்டுக் கணினியைப் பார்த்துப் பெருமைப்பட்டதே கிடையாது.

இயந்திரத்தின் நெல் தொட்டி நிறைந்தது. நெல்லைக் கொட்ட வேண்டும். விருமாண்டி டிரைலரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பாண்டிமீனா கொட்டும் குழாயைத் தூக்கி வெளியே விரித்தார்.

குழாய்க்கு மேலே கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி தொய்ந்து கிடந்தது.

குழாய் அதில் மாட்டியது. கம்பி ஒரு கணம் விறைத்து நின்றது. கம்பம் சாய்ந்தது. பிறகு கம்பி அறுந்து, வண்டியின் மேல் சுருண்டு விழுந்தது.

விருமாண்டி டிராக்டரிலிருந்து குதித்து ஓடினார். "எறங்காத! மீனா, எறங்காத! எதையும் தொடாத!" என்று சின்னச்சாமி அலறினார். யாரோ லைன்மேனுக்குப் போன் போட்டார்கள். அத்தா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர் வாய் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கேபின் கண்ணாடிக்குப் பின்னால் பாண்டிமீனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை. பிறகு அவர் தலை மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது.

மோட்டார் கம்பியில் முறை வைத்துத்தான் மின்சாரம் விடுவார்கள். அந்த நேரம் அந்தப் பக்கத்து முறை இல்லை. அதனால்தான் பிழைத்தார். லைன்மேன் வந்து உறுதிப்படுத்திய பிறகு கீழே இறங்கினார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சின்னச்சாமி மட்டும், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அறுத்தது சுத்தம்த்தா. சித்திரை அறுப்புக்கு வா, இன்னொரு தடவை பாப்போம். இப்ப வேணாம்" என்றார்.

பாண்டிமீனா எங்களிடம் ஒன்றுதான் சொன்னார். "கம்பத்தப் பாத்தேன் பாய். கம்பத்துக்கு ஒதுங்கித்தானே போனேன். கம்பி இருக்கும்னு தோணவே இல்ல."

அரிவாள் பிடித்த நாளிலிருந்து அந்தக் கம்பிகளுக்குக் கீழே வேலை செய்தவர். எனக்கு அது விளங்கவில்லை.

அடுத்த நாளே கணினிப் பெட்டியையும் ஸ்டியரிங்கையும் சேலையில் சுற்றி, பேருந்தில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மேஜையில் வைத்து இணைத்து, விளையாட்டைத் திறந்தேன். வயல் வந்தது. வயலோரம் கம்பங்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதுவுமே போகவில்லை. படம் திக்காமல் ஓடுவதற்காகக் குறைத்ததில், புல்லோடும் நிழலோடும் சேர்ந்து கம்பியும் போயிருக்கிறது. அந்த மொட்டைக் கம்பங்களுக்கு இடையில்தான் அவர் மாதக்கணக்காகக் குழாயைத் தூக்கித் தூக்கிப் பழகியிருக்கிறார்.

அத்தா கடையில் இருந்த பெரிய கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அதை மாட்டி, குறைத்ததையெல்லாம் ஏற்றினேன். புல் வந்தது, நிழல் வந்தது. கம்பங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் வந்தன. பாண்டிமீனா ஸ்டியரிங்கைப் பிடித்து, வண்டியைக் கம்பிக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் தூக்கினார். குழாய் கம்பிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. கம்பி அசையக்கூட இல்லை. நெல் டிரைலரில் கொட்டியது. நல்ல அறுவடை என்று திரையில் பச்சை எழுத்து வந்தது.

அவர் சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார். அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டை மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இணையத்தில் கேட்டால் செய்து தருவார்கள் என்று ஏதோ நான் மெதுவாகச் சொன்னேன். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இங்கிலீஷ்ல எழுதணுமா? நீங்க எழுதிக் கேளுங்க தங்கச்சி. கம்பி மட்டும் தெரிஞ்சாப் பத்தாது. குழா அதுல பட்டா வண்டி எரியணும், நான் அதுலயே சாகணும். சித்திரைக்குள்ள அப்படி ஒண்ணு எனக்கு வாங்கித் தாங்க."