மூச்சடைத்த வண்டியும் அறுநூறு முட்டையும்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வாரமாக என் வண்டியில் அழுகிய முட்டை நாற்றம். நான் முட்டை வியாபாரி; ஆகவே முட்டையைச் சந்தேகித்தேன். அட்டை அட்டையாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட மிதக்கவில்லை. ஆனாலும் நாமக்கல்லிலிருந்து சரக்கு அனுப்புகிறவரைப் போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். வண்டியைக் குனிந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை.

காலை 5.45. திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற பஜாரிலிருந்து கிளம்பினேன். பன்னிரண்டு வயதான பெட்ரோல் மினி லாரி, பின்னால் இருபது அட்டை, அறுநூறு முட்டை. போக வேண்டியது அறுபது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் போனக்காடு. அங்கே தேயிலைத் தோட்டத்தில் ஒரு மறுவீட்டு விருந்து. பிரியாணிக்கு முட்டை பதினோரு மணிக்குள் வந்தாக வேண்டும். சமையல்காரர் இசக்கி அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்: “லேட்டானா, எலையில முட்டைக்குப் பதிலா உம்மத்தான்வே வைப்பேன்.”

நெடுமங்காடு பதினெட்டு கிலோமீட்டர்தான். போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தாலும் முள் முப்பதைத் தாண்டவில்லை. பாரம்தான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அறுநூறு முட்டை என்ன பெரிய பாரம் என்று அந்த நீதிபதி கேட்கவில்லை. ஒரு ஏற்றத்தில் பள்ளிக்கூடத்து சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு என்னை முந்திப் போனது.

காலை 9.05. வித்துரா. கடைவீதி முனையில் வண்டி ஒரு முனகலோடு நின்றது. நல்லவேளையாக எதிரிலேயே ஒரு பணிமனை. அதன் மெக்கானிக் ஷாஜி என்னைச் சைலன்சருக்குப் பின்னால் உட்காரவைத்து, “கை வெச்சு நோக்கு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வண்டியை முடுக்கினான். உள்ளே இன்ஜின் முக்கி முனகியது. என் உள்ளங்கையில் குழந்தை ஊதியதுபோல ஒரு காற்று.

“புகை போக வழியில்லா. கன்வெர்ட்டர் அடைஞ்சு போச்சு.”

புகையைச் சுத்தம் செய்ய அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் தேன்கூடுபோலச் சின்னச் சின்னத் துளைகள். அந்தத் துளைகளெல்லாம் கரி. பெட்டிக்கு முன்னால் இருந்த சென்சரை ஷாஜி கழற்றினான். அந்த ஓட்டை வழியே புகை சீறியது. இத்தனை நேரம் செத்துக் கிடந்த இன்ஜின் சிங்கம்போலக் கர்ஜித்தது. எனக்கு ஒரே குதூகலம்!

“அண்ணாச்சி, ஆயில் எத்தர ஊத்தும்?”

“மாசம் ஒரு லிட்டர். நல்லாக் குடிக்கும்” என்றேன், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்கிற பெருமையோடு.

“குடிக்கல்ல, கத்திக்குது, எரிக்குது. அந்தக் கரிதான் இது. நாற்றமும் இதிலேருந்துதான், கேட்டோ. முட்டை பாவம்.”

நாமக்கல்காரரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். “இப்படியே ஓட்டையோட மேலே போய்ட்டு வந்துடட்டுமா?” என்றேன்.

அவன் அடியில் காட்டினான். பெட்டி அடுப்புக் கரிபோலச் சிவந்திருந்தது. “காட்டுக்குள்ள சருகு மேல நிறுத்தினா மலை முழுக்கத் தீ கத்தும். புதுசு சிட்டியிலேருந்து வரணும், மூணு நாள். அதுவரை வண்டி இங்கே. அண்ணாச்சி அதோ அந்த பஸ்ஸைப் பிடி.”

காலை 9.40. போனக்காடு போகும் அரசு பஸ். டிக்கெட் முப்பது ரூபாய். “முட்டைக்கு?” என்று கேட்டேன். “குஞ்சு பொரிச்சா ஹாஃப் டிக்கெட்” என்றார் கண்டக்டர். அட்டைகளைத் தரையில் வைக்க ஒரு பெண் விடவில்லை. சந்தைக்கு வந்து திரும்பும் தோட்டத் தொழிலாளி, பெயர் முத்துலட்சுமி. “நம்ம எஸ்டேட் விருந்துக்குல்லோ? ஆளுக்கொண்ணு பிடிங்க!” என்று அவர் குரல் கொடுத்ததும் பத்தொன்பது பேர் கை நீட்டினார்கள். இருபதாவது அட்டை எனக்கு.

ஆஹா, அதுவல்லவா பயணம்! சோதனைச் சாவடி தாண்டியதும் காடு, பிறகு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் முத்துலட்சுமி “வளவு!” என்பார். பத்தொன்பது அட்டைகளும் ஒரே நேரத்தில் மடியை விட்டு எழும்பி, காற்றில் மிதந்து, வளைவு முடிந்ததும் இறங்கும். சட்டிபானை, மருந்துக் குப்பி, கண்ணாடிச் சாமான் எல்லாம் இந்தப் பாதையில் அவர்கள் இப்படித்தான் கொண்டுபோகிறார்களாம். ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பக்கத்துச் சீட்டுப் பெரியவருக்குக் கன்வெர்ட்டர் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

“அண்ணே, பேச்சு மதி, போதும், அட்டையைத் தூக்குங்க!” என்றார் முத்துலட்சுமி.

சிவந்த பெட்டி எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் இரண்டு கைகளாலும் காட்டிக்கொண்டிருந்தேன்.

காலை 10.50. போனக்காடு. அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கவைத்துக் காத்திருந்தார் இசக்கி அண்ணாச்சி. பத்தொன்பது அட்டைகள் வரிசையாக இறங்கின. ஒரு கீறல் இல்லை. கடைசியாக நான் இறங்கினேன், வேட்டியெல்லாம் மஞ்சள் கருவோடு.

“பத்து நிமிஷம் முந்தியே கொண்டாந்துட்டேன் பாத்தீங்களா அண்ணாச்சி!” என்றேன்.

அவர் என் வேட்டியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“அடுத்த வாட்டி முட்டைய மட்டும் அனுப்பும்வே.”