ஐஸ் லொறி வராத மூன்று நாட்கள்

என்னோடு சேர்ந்து முழந்தாள் போடுகிற என் சனங்களே,

என் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தது வறுமைதான் என்று இரண்டு மாதமாக நினைத்திருந்தேன். இல்லை, நான்தான். இதை மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. கோவிலில் எழுந்து நின்று சொல்லும்படி பங்குச் சுவாமி மூன்று தரம் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் அந்தோனிப்பிள்ளை. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிறேன். மனைவி றெஜினா. எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெனிற்றா. பதினைந்து வயது. ஒன்பது வயதில் அவளுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரிக் குளிசையோடு சமாளிக்கிற வருத்தம் அல்ல. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். நிறுத்தினால் சில நாட்களுக்குள் பிள்ளை இல்லை. இதை டொக்டர் எங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆறு வருடம் அந்த மருந்து கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்தது. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. கிளினிக்கில் இருந்த தாதி றெஜினாவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். பெரிய சட்டியில் மணல் போட்டு நனைத்து, நடுவில் சின்ன மண் முட்டியை வைத்து, அதற்குள் மருந்துப் போத்தலை வைத்து மூட வேண்டும். மணல் ஈரமாக இருக்கும்வரை உள்ளே குளிர்ச்சி நிற்கும். குசினி மூலையில் ஆறு வருடம் அது அப்படியே இருந்தது. ஒரு குறையும் வரவில்லை.

போன ஐப்பசியில் கிளினிக்கில் மருந்து இல்லை என்றார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது. வெளியில் வாங்கும்படி மருந்துத் துண்டு எழுதித் தந்தார்கள். பாமசியில் விலையைக் கேட்டேன். ஒரு சின்னப் போத்தலுக்கு, கடல் நல்லாய்த் தந்த ஒரு கிழமை உழைப்பு.

ஆனாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கூடாகக் காப்புறுதி போட்டிருந்தேன். ஒரு தவணை தவறியதில்லை. பற்றுச்சீட்டை மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு காப்புறுதி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தாள். புத்தகத்தைப் புரட்டி எனக்கு வாசித்தும் காட்டினாள். ஆஸ்பத்திரி வார்ட்டில் மூன்று இரவு படுத்தால்தான் காசு. வீட்டில் வைத்துப் போடுகிற மருந்துக்கு ஒரு சதமும் இல்லை.

"அப்ப என்ர பிள்ளை ஏலாமல் விழுந்தாத்தானோ தருவியள்?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஓம் அண்ணை, அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

வெளியே வந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

றெஜினாவின் காதுத் தோட்டை விற்று மருந்து வாங்கினோம். இனித்தான் என் மடத்தனம் வருகிறது. இலவசமாகக் கிடைத்த மருந்து முட்டிக்குள் இருந்தது. தோட்டைக் கொடுத்து வாங்கிய மருந்தை முட்டிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மண் சட்டியை நம்பியா இவ்வளவு விலையான பொருளை வைப்பது? நான் முப்பது வருடமாக மீனைப் பழுதாகாமல் வைக்கிறவன். என்னிடம் ஐஸ் சீக்கிரம் கரையாத வெள்ளை றெஜிபோம் பெட்டி இருக்கிறது. கரைக்கு மீன் ஏற்ற வருகிற கூலர் லொறிக்காரர் நாள்தோறும் ஐஸ் தருகிறார். ஐஸை உடைத்து, குளிர் கூட நிற்க உப்புத் தூவி, நடுவில் மருந்தைப் புதைத்தேன், நல்ல விளைமீனைப் புதைக்கிற மாதிரி. றெஜினா முட்டியே போதும் என்றாள். "குளிரைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்காதை" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

காலையில் எடுக்கும்போது போத்தல் கல்லாக இருக்கும். உள்ளங்கையில் உருட்டி இளக்கிக் கொடுப்பேன். எனக்கு அதில் பெருமை வேறு. உள்ளே மாத் திரண்ட மாதிரி ஏதோ மிதக்குது என்று றெஜினா ஒருநாள் காட்டினாள். குலுக்கச் சொன்னேன்.

ஒரு கிழமைக்குள் பிள்ளையின் சீனி ஏறியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். சட்டை தோளில் நிற்கவில்லை. வார்ட்டுக்குக் கொண்டு போனோம். அங்கே அவர்களின் ஊசியோடு இரண்டே நாளில் இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஏறியது. டொக்டர் அளவைக் கூட்டினார். அளவு கூடக் கூடப் போத்தல் சீக்கிரம் முடிந்தது. முடிய முடிய நான் கடன்பட்டேன்.

வார்ட்டில் இறங்குகிற சீனி வீட்டில் ஏன் ஏறுகிறது? எனக்கு ஒரு காரணம்தான் தெரிந்தது. பிள்ளை களவாக இனிப்புத் தின்கிறாள். அவளுடைய புத்தகப் பையைக் கொட்டித் தேடினேன். ஒன்றும் இல்லை. அப்போதும் விடவில்லை. "கொம்மான்ர தோட்டை நீ இனிப்புப் பணிஸாத் தின்கிறாய்" என்றேன். அவள் அழவில்லை. கொட்டிய கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். அந்தக் காட்சி என்னைச் சாகும்வரைக்கும் விடாது.

மார்கழியில் ஒரு வலையை விற்றுக் கடைசிப் போத்தலை வாங்கினேன். விற்க வேறு வலை இல்லை. வாங்கிக்கொண்டு வந்த அன்று கடல் குழம்பியது. வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டோம். மீன் இல்லாத கரைக்கு லொறி ஏன் வரும்? லொறி வராவிட்டால் ஐஸ் ஏது? பெட்டிக்குள் உப்புத் தண்ணீர்தான் கிடந்தது.

அன்று பின்னேரம் மழைக்குள் அந்தோனியார் சுருவத்தடிக்கு ஓடி, அந்தச் சிலைக்கு முன்னால் நின்றேன். செபம் என்றா சொல்வது, சண்டை பிடித்தேன். கடலை அடக்கும், லொறியை அனுப்பும், ஐஸைத் தாரும் என்று கத்தினேன். "காசு கேக்கேல்லை, ஐஸ் கட்டிதானே கேட்டனான், அதுகும் உமக்குப் பெரிசோ?" என்று ஆண்டவரைப் பார்த்தே கேட்டேன். காற்று இன்னும் பலத்தது. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

றெஜினா பழைய சட்டியை எடுத்து, மணலை நனைத்து, மருந்தை முட்டிக்குள் வைத்தாள். தடுக்க என்னிடம் ஐஸ் இல்லை. இரண்டாம் நாளும் லொறி இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. மருந்து பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று நான் வாசலில் குந்தியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. கை கால் உதறியது. கதை குழறியது. முடிந்தது என்றே நினைத்தேன். றெஜினா சீனி பார்க்கிற மெஷினை ஒருதரம் பார்த்தாள், நம்பாமல் இன்னொருதரம் பார்த்தாள். ஏறவில்லை. அடியோடு இறங்கியிருந்தது. உடனே சீனியைக் கரைத்துப் பருக்கினாள். பிள்ளை கண் தெளிந்து எங்களைப் பார்த்ததும் ஓட்டோவில் ஏற்றி, வெள்ளம் பாய்கிற றோட்டால் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே, முட்டி வழியைச் சொல்லித் தந்த பழைய தாதி இருந்தார். ஜெனிற்றாவைப் பார்த்து முடித்துவிட்டு, மருந்து நல்லாய் வேலை செய்திருக்கிறது, டொக்டர் கூட்டின அளவு இப்ப அதிகமாகிச் சீனி இறங்கிப்போச்சு, இனி அவர் அளவைக் குறைப்பார் என்றார். எனக்கு விளங்கவில்லை. இந்த மூன்று நாள் மருந்தை ஒழுங்காய் வைக்கவே முடியவில்லை மிஸ்ஸி, ஐஸ் வரவில்லை என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அதற்கு முதல் உப்புப் போட்ட ஐஸுக்குள் எப்படிப் பத்திரமாக வைத்தேன் என்றும் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, இன்சுலின் ஒருக்கா உறைஞ்சா சரி, பிறகு இளகினாலும் அது மருந்தில்லை. குளிருக்குள்ள வையுங்கோ எண்டுதான் சொன்னனாங்கள். உறைய வைக்கச் சொல்லேல்லை."

பக்கத்தில் கிடந்த கதிரையில் குந்திவிட்டேன். இரண்டு மாதம். தோடு, வலை, கடன். எல்லாவற்றையும் விற்று வாங்கிய மருந்தை நானே என் கையால் சாகடித்து, பிறகு அதே கையில் உருட்டி இளக்கிப் பிள்ளைக்கு ஏற்றக் கொடுத்திருக்கிறேன். களவாகத் தின்றாள் என்று அவளையே பழியும் சொல்லியிருக்கிறேன். அன்று லொறி வந்திருந்தால்? நான் கத்திக் கேட்டதை ஆண்டவர் தந்திருந்தால்? கடைசிப் போத்தலும் கல்லாகியிருக்கும். அதற்குப் பிறகு விற்க ஒன்றும் இல்லை. இந்த நினைப்பு வந்ததும் வார்ட் என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதேன். எவ்வளவு பெரிய தயவைப் போய், அவர் என்னைக் கைவிட்டதென்று நினைத்திருந்தேன்!

கட்டிலடிக்குப் போய்ப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் பிள்ளையிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவள் என் கையைப் பிடித்து, "நான் தின்னேல்லை எண்டு இப்ப நம்புறியளோ அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அவ்வளவு நாளும் வருத்தத்தை விட அதுதான் நொந்திருக்கிறது.

அளவு பழையபடி குறைந்தது. ஒரு போத்தல் இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு நாள் நிற்கிறது. கிளினிக்கில் சில மாதம் மருந்து வருகிறது, சில மாதம் இல்லை. காப்புறுதிப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கடன் கொஞ்சம் கொஞ்சமாக அடைகிறது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். என் பிள்ளை இருக்கிறாள். சட்டை தோளில் நிற்கிறது. இந்த வருடம் பள்ளிக்கூடச் சோதனை எழுதப் போகிறாள்.

நான் மாறியிருக்கிறேன். தெரியாததைக் கேட்கிறேன். கிளினிக்கில் வரிசை நீளம் என்றாலும் நின்று, இதை எப்படி வைக்கிறது, எப்படிப் போடுகிறது என்று கேட்டு அறிந்துகொண்டுதான் வருகிறேன். றெஜினா வாய் திறந்தால் என் வாயை மூடுகிறேன், அவளே சிரிக்கிற அளவுக்கு.

மருந்துத் துண்டோடு பாமசி வாசலில் நிற்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். ஆண்டவரிடம் கேளுங்கள். சண்டை பிடித்தும் கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். கேட்டது வராவிட்டால் உடனே என்னைப் போல முடிவு கட்டாதீர்கள், மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். எங்கள் கரைக்கு இப்போது லொறி ஒழுங்காக வருகிறது. ஐஸுக்குள் மீன் இருக்கிறது. மருந்து முட்டிக்குள் இருக்கிறது. பின்னேரங்களில் ஜெனிற்றா சட்டி மணலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது நான் பக்கத்தில் நின்று, அந்த மூன்று நாளும் அவர் எனக்குத் தராத ஐஸுக்காக நன்றி சொல்கிறேன்.